எல்லா எண்களும் சிவப்பாக வந்த மதியம்

போன மாதம் ஹைதராபாத் மாதாப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. நான் கடைசியாக வேலை பார்த்த இணையதள வடிவமைப்பு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். "அங்கிள், இப்பல்லாம் என்ன வேணும்னு ரெண்டு வரி எழுதினா மெஷினே பக்கத்தை வரைஞ்சு குடுத்துடுது. நீங்க இருந்தப்ப ஒரு சைட்டை வெளிய விட மூணு வாரம் எடுத்துப்பீங்களாமே, அப்படி என்னதான் செக் பண்ணீங்க?" என்றாள். கேலி இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அந்த அலுவலகத்தில் முதலாளி வசுதா ஒருத்திதான் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆகவே இதை உங்களுக்கு எழுதுகிறேன். அங்கே எல்லோரும் மூன்று மொழிகளைக் கலந்துதான் பேசுவோம். அப்படியே எழுதினால் படிப்பவர்கள் திண்டாடுவீர்கள் என்பதால் பெரும்பாலும் தமிழாக்கியே தருகிறேன்.

அப்பா செகந்திராபாத்தில் ரயில்வே பட்டறைக்காரர். நான் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வரைபடம் சரிபார்க்கும் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தேன். மூல வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நகலில் இருக்கும் ஒவ்வோர் அளவின் மேலும் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். கோடு விழாத எண் ஒன்று இருந்தாலும் தாள் பட்டறைக்குப் போகாது. அவ்வளவுதான் நான் கற்ற தொழில். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்ததும் அந்தப் பென்சில் மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. மாடிப்படி, ஜன்னல் கம்பி, சாம்பாரில் மிதக்கும் முருங்கைத் துண்டு என்று எதையும் விடவில்லை. என் மனைவி ஒரு நாள், "இந்த எண்ணுற வேலையை எங்கயாவது சம்பளத்துக்குப் பண்ணுங்களேன்" என்றாள்.

அப்படித்தான் வசுதாவிடம் போனேன். செகந்திராபாத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். சொந்தமாக நிறுவனம் நடத்தினாள். ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, "என்ன தெரியுது அங்கிள்?" என்றாள். ஏழு விதமான நீலம் தெரிகிறது என்றேன்.

"நாங்க வெச்சது மூணுதானே?"

"நீங்கள் வைத்தது மூன்றாக இருக்கலாம் மேடம். இருப்பது ஏழு."

எண்ணிப் பார்த்தாள். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னாள்.

அவள் வேலை வாங்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை தவிர, அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பக்கம் தயார் என்று யாராவது சொன்னால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொள்வாள். அவள் வலது கைக்காரி. "என் வலது கைக்கு எல்லா சைட்டும் பழகிப்போச்சு. முதல் தடவை வர்றவனுக்கு இப்படித்தான் தடுமாறும்" என்பாள். அவள் இடது கை ஓர் இடத்தில் தயங்கி நின்றால், செய்தவர் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று அவள் சொல்ல மாட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து விநாடிச் சோதனை. பக்கத்தைப் போனில் திறந்து கீழே எடுத்துப்போய், வாட்ச்மேன், ஆட்டோக்காரர், டீ வாங்க நிற்பவர் என்று அந்தத் தொழிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மூன்று பேருக்குக் காட்டி, ஐந்து விநாடியில் மூடிவிடுவாள். என்ன படித்தீர்கள் என்று கேட்க மாட்டாள். "இது எந்த மாதிரி ஆளுங்க நடத்துற இடம்? உங்க அம்மாவை இங்க விட்டுட்டுப் போவீங்களா?" என்றுதான் கேட்பாள். நான் சேர்ந்த புதிதில் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் பக்கம் செய்திருந்தோம். முகப்பில் வெள்ளைக்கார தாத்தாவும் பாட்டியும் பளிச்சென்று பல் தெரியச் சிரிக்கும் படம். அதைப் பார்த்த ஆட்டோக்காரர், "இது விசா ஆபீஸ்தானே?" என்றார். வசுதா மாடிக்கு வந்து அந்தப் படத்தை எடுக்கச் சொன்னாள். பதிலுக்கு அந்த இல்லத்துச் சமையற்கட்டின் படம் போனது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்த படம். அதைக் காட்டியபோது அதே ஆட்டோக்காரர் மாத வாடகை எவ்வளவு என்று விசாரித்தார்.

"வர்றவங்க எதையும் படிக்கிறதில்ல அங்கிள். வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வாசல்லயே முகம் பார்த்து முடிவு பண்ணிடறாங்க" என்று அன்றைக்குச் சொன்னாள். அவள் விளக்கமாகப் பேசியது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

ராமச்சந்திராபுரத்தில் டாக்டர் ராஜேஸ்வரி என்பவர் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்திவந்தார். தொழிற்சாலைக் குடியிருப்பில் பாதிப் பேர் அவரிடம்தான் ரத்தம் கொடுத்தார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். அவர் கடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய நிறுவனம் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகக் கிளை திறந்தது. அவருடைய நிலையத்தை விலைக்கும் கேட்டது. டாக்டர் கொடுக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன், ஆட்கள் குறைந்தால் கொடுத்துவிடுவேன் என்று மகன் கிரணிடம் சொல்லியிருந்தார். கிரண்தான் எங்களிடம் வந்தார். புது இணையதளம் வேண்டும், எதிர்க்கடையைவிட நன்றாக இருக்க வேண்டும், ரத்தம் கொடுத்தவர்கள் அறிக்கையைப் போனிலேயே பார்க்க வேண்டும் என்றார்.

அவர்களுடைய பழைய தளத்தை வசுதா பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கத்தரிப்பூ நிற எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும் மஞ்சள் பின்னணி. மேலே டாக்டரின் பாஸ்போர்ட் சைஸ் படம், பக்கத்தில் போன் நம்பர். எங்களிடம் பக்கங்களுக்கு நிறமும் எழுத்தும் அமைக்கும் ஷாஹீன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளையும் சிவப்புமாக ஒன்று செய்தாள். அவர்கள் சின்னமே ஒரு சிவப்புத் துளி, ஆகவே சிவப்பு. கண்ணுக்கு இதமாக, காற்றோட்டமாக இருந்தது. இடது கைச் சோதனையிலும் ஐந்து விநாடிச் சோதனையிலும் தேறியது.

அறிக்கைப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி அறிக்கை கேட்டோம். டாக்டர், நோயாளியின் பெயரை அழித்து ஒன்றை அனுப்பினார். எல்லா வகைச் சோதனையும் அதில் இருக்கட்டும் என்று தேடிப் பார்த்து, மிக நீளமான அறிக்கையாக எடுத்திருந்தார். அவ்வளவு சோதனை யாருக்கு எழுதுவார்கள்? உடம்பு மிகவும் கெட்டுப்போனவருக்குத்தான். அதில் முப்பத்தெட்டு எண்கள், முப்பத்தெட்டும் இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டியவை, ஆகவே கறுப்பாக இல்லாமல் முப்பத்தெட்டும் சிவப்பு. ஷாஹீனுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆயுளில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதே இல்லை. சின்னமும் சிவப்பு, எண்ணும் சிவப்பு, அதுதான் இந்த நிலையத்தின் நிறம் என்று எடுத்துக்கொண்டு, யார் அறிக்கையானாலும் எண் சிவப்பு என்று வைத்துவிட்டாள். நான் மாதிரியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாகக் கோடு போட்டுக்கொண்டு போனேன். மாதிரியில் சிவப்பு, பக்கத்திலும் சிவப்பு. எல்லாம் பொருந்தியது. டாக்டரும் பார்த்துச் சரி என்றார். அவர் கண்ணுக்கு அது தெரிந்த நோயாளியின் அறிக்கை, சிவப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்களுக்குக் கீழே கிரண் ஒரு பச்சைப் பொத்தான் கேட்டார். 'முழு உடல் பரிசோதனைக்கு இன்றே பதிவு செய்யுங்கள், தள்ளுபடி உண்டு.' தளம் முழுவதும் ஆறு இடத்தில் அது இருந்தது. வசுதா மன்றாடி நான்காகக் குறைத்தாள். அறிக்கைக்குக் கீழே இருப்பதை எடுக்க மட்டும் கிரண் ஒப்பவில்லை. "வசுதாகாரு, ஆள் வர்ற இடத்துலதானே கடை போடணும்?" என்றார்.

ஒரு திங்கட்கிழமை தளம் வெளியே போனது. காலையில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு மணியிலிருந்து போனில் இணைப்பு போக ஆரம்பித்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஷாஹீன் வீட்டிலிருந்து பாயசம்கூட வந்திருந்தது. ஒன்றரைக்கு வசுதாவின் போன் அடித்தது. டாக்டர்தான். வசுதா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா வசுதா, எல்லாருக்கும் சிவப்பா போயிருக்கு."

"எது டாக்டர்?"

"எல்லாமே. நல்லா இருக்கிறவனுக்கும் சிவப்பு. இங்க ரெண்டு லைனும் விடாம அடிக்குது. நேர்லயே வந்துட்டாங்க சில பேர்."

ஷாஹீனின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஆனா சாம்பிள்ல எல்லாம் சிவப்புதானே இருந்துச்சு அங்கிள்? நீங்களும்தானே பார்த்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

அதற்குள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நான்கைந்து பேர் தங்கள் அறிக்கையைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். சிவப்பு எண்கள், அவற்றின் கீழே பச்சைப் பொத்தான், அதைச் சுற்றி யாரோ விரலால் வட்டம் போட்டிருந்தார். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'டாக்டரம்மாவும் கடை விரிச்சுட்டாங்க. முதல்ல பயமுறுத்து, அப்புறம் பேக்கேஜ் வித்துடு.' அதற்குப் பதினேழு பேர் தலையாட்டியிருந்தார்கள். நாற்பது வருஷமாக ஊசி குத்திச் சேர்த்த பெயரை நாங்கள் ஒரு நிறத்தாலும் ஒரு பொத்தானாலும் அரை மணி நேரத்தில் கரைத்துக்கொண்டிருந்தோம்.

கிரண் தனியாக அழைத்தார். அவரையும் ஒலிபெருக்கியில் சேர்த்தோம்.

"நிறத்தை மாத்த எவ்வளவு நேரம்?"

"அரை மணி" என்றாள் வசுதா.

"மாத்திட்டுச் சும்மா இருங்க. திறந்து பார்த்தா கறுப்பா இருக்கும். போன்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்குவாங்க."

"ஏற்கெனவே பார்த்தவங்க?"

"வசுதாகாரு, நாம எழுத்துல ஒத்துக்கிட்டா எதிர்க்கடைக்காரன் அதை லேமினேட் பண்ணி வாசல்ல மாட்டுவான். அம்மா லேபை நானே கொண்டுபோய் அவன் கையில குடுத்த மாதிரி ஆயிடும். நக்கோ, வேண்டவே வேண்டாம்."

அப்போது டாக்டர் குறுக்கே பேசினார். அவர் மகனோடு பேசுகிற குரல் வேறாக இருந்தது.

"கிரண், போனை வெச்சுட்டு கவுண்டருக்கு வா. இங்க ஒரு கிரேன் ஆபரேட்டர் நிக்கிறார். எனக்கு இன்னும் எத்தனை நாள்மான்னு கேட்கிறார். அவருக்கு ஒண்ணுமே இல்ல. நீயே வந்து சொல்லு."

"அப்ப உடனே பயப்படாதீங்கன்னு போட்டுடலாம்" என்றாள் வசுதா.

"போடக் கூடாது. நூத்தி நாப்பத்தாறு ரிப்போர்ட் போயிருக்கு. அதுல நாப்பத்தோரு பேருக்கு ஏதோ ஒண்ணு நிஜமாவே சரியில்ல. ஒன்பது பேர் இன்னிக்கே மருத்துவர்கிட்ட போகணும். பயப்படாதேன்னு நீ எழுதினா அந்த ஒன்பது பேரும் வீட்டுல படுத்துப்பாங்க."

பயப்படு என்றும் எழுத முடியாது, பயப்படாதே என்றும் எழுத முடியாது. நிறத்தைச் சத்தமில்லாமல் மாற்றினால் சிவப்பைப் பார்த்தவர்களில் யார் மறுபடி திறப்பார்கள் என்று தெரியாது.

"நானே எல்லாரையும் கூப்பிடறேன். நாப்பத்தோரு பேரை நான், மிச்சப் பேரை என் டெக்னீஷியன்கள். ஆனா என் நம்பரைப் பார்த்தா அவங்க எடுக்கணும். பேக்கேஜ் விக்கக் கூப்பிடறேன்னு நினைச்சா எடுக்க மாட்டாங்க. அதுக்கு மட்டும் ஏதாவது பண்ணும்மா" என்றார் டாக்டர்.

கிரண் கடைசியில் பொத்தானை எடுக்க ஒப்புக்கொண்டார். அறிவிப்புக்கு ஒரு வாசகமும் அனுப்பினார். 'தவிர்க்க இயலாத சில தொழில்நுட்பக் காரணங்களால்' என்று தொடங்கியது. எண்ணினேன், இருபத்தொன்பது சொற்கள். மன்னிப்பு இருபத்தெட்டாவது சொல்லில் இருந்தது. வசுதா அதை அழித்துவிட்டு டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'இன்று வந்த அறிக்கைகளில் நிறம் தவறு. எண்கள் சரி. மாலை ஆறுக்குள் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவோம். போனை எடுங்கள். ராஜேஸ்வரி.' தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும்.

அதை ஷாஹீன் வெள்ளைப் பக்கத்தில், அவளுடைய அழகான எழுத்தில் போட்டாள். வசுதா மவுஸை இடது கைக்கு மாற்றினாள். கை நின்றுவிட்டது.

"இதே வெள்ளையும் இதே சிவப்பும்தானே கொஞ்ச நேரம் முன்னாடி பயமுறுத்துச்சு" என்று ஷாஹீனே சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அரே, அந்தப் பழைய மஞ்சளைப் போடுவோம் மேடம். அந்தப் போட்டோவோட. அதுதான் அவங்களுக்கு டாக்டர் முகம். இது யாரோ ஒருத்தர் முகம்."

தான் ஆறு வாரம் உட்கார்ந்து செய்ததை அந்தப் பெண்ணே எடுக்கச் சொல்கிறாள். "போடு. ஓடுற எழுத்து மட்டும் வேண்டாம்" என்றாள் வசுதா.

இரண்டரைக்குக் காற்றோட்டமான தளம் போய், மஞ்சள் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் படமும் மூன்று மொழியிலும் அந்த ஐந்து வரியும் மட்டும் இருந்தன. அதே இணைப்பை நூற்று நாற்பத்தாறு பேருக்கும் மறுபடி அனுப்பினோம். உள்ளே நிறத்துக்கான விதி திருத்தி எழுதப்பட்டது. இந்த முறை ஒரு மாதிரி போதாது என்றேன். டாக்டரிடம் பெயர் நீக்கிய இருபது அறிக்கைகள் வாங்கி, நல்ல உடம்பு, கெட்ட உடம்பு, பிள்ளைத்தாச்சி, குழந்தை என்று பிரித்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன்.

எத்தனை பேர் டாக்டரின் போனை எடுத்தார்கள் என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் எங்களிடம் பேசவே நேரமில்லாமல் இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் நான் நடந்தே அங்கே போய்விட்டேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஆட்கள் வரும் நேரம். வழக்கமாக எட்டு மணிக்குள் ஐம்பது டோக்கன் போகும். எதிர்ப்பக்கம் வசுதாவின் கார் நின்றிருந்தது, கொண்டாப்பூரிலிருந்து எனக்கு முன்னால் வந்துவிட்டாள். இரண்டு பேரும் வாசலில் வருகிறவர்களை எண்ணத் தொடங்கினோம். டாக்டரின் வாசலில் மூன்று பேர். எதிரே கண்ணாடிக் கதவுக்குள் பதினொரு பேர். ஒருவர் சைக்கிளை டாக்டர் வாசலில் நிறுத்திவிட்டு ரோட்டைக் கடந்து கண்ணாடிக் கதவுக்குள் போனார். வசுதா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஏழு மணிக்குப் பதினான்கு. ஏழே காலுக்கு நடைப்பயிற்சி முடித்தவர்கள் கூட்டமாக வந்தார்கள், இருபத்தேழு. நாங்களும் உள்ளே போய் ஓரமாக நின்றோம். வரிசையில் நின்ற ஓர் அம்மாளுக்கு வசுதா யார் என்பது எப்படியோ தெரிந்துவிட்டது.

"நீதானாம்மா அந்தச் சிவப்பு?"

"நான்தாம்மா."

"நல்லா இருப்பே. எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிடல. அப்புறம் டாக்டரம்மா போன் பண்ணாங்க. அவருக்கு ஒண்ணுமில்லையாம். எனக்குத்தான் சர்க்கரை ஏறிக் கிடக்காம். ஜிலேபி தின்னியான்னு கேட்டு விட்டாங்க பாரு ஒரு டோஸ்! அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் அவருக்கு நம்பிக்கையே வந்துச்சு."

வரிசை சிரித்தது. எட்டு மணிக்கு நாற்பத்து நான்கு டோக்கன். வராத ஆறு பேரைப் பற்றி நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. டாக்டர் அந்த வருஷம் நிலையத்தை விற்கவில்லை, அதற்கடுத்த வருஷமும் விற்கவில்லை.

ஆனால் கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொருவரிடமும், "ரிப்போர்ட் போன்லயா, பேப்பர்லயா?" என்று கேட்டாள். நாற்பத்து நான்கு பேரும் பேப்பர் என்றார்கள். ஒருவர் பேப்பர் என்று இரண்டு தடவை சொன்னார். வசுதா எல்லாவற்றையும் நின்று கேட்டாள். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். நாற்பத்தைந்தாவது டோக்கன்.

"என்ன டெஸ்ட் மேடம்?"

"எல்லாருக்கும் பொதுவா எடுக்கிறது. ரிப்போர்ட் போன்ல."

மதியம் அலுவலகத்தில் அவள் போனுக்கு இணைப்பு வந்தது. எல்லோரும் அவள் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டோம். ஷாஹீன் பார்க்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்து நின்றாள். வசுதா திறந்தாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு என்று விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பதினாறாவது எண்ணில் விரல் நின்றது. அது மட்டும் சிவப்பு. ஹீமோகுளோபின்.

"வந்துடுச்சு! ஷாஹீன், இங்க பாரு. ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அப்போதுதான். அறை முழுக்கக் கை தட்டியது. ஷாஹீன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நான் எல்லை என்ன, எண் என்ன என்று பார்த்தேன். ரத்தச் சோகை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. இதற்கு ஏன் கை தட்டுகிறோம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் நானும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது அவள் போன் அடித்தது. டாக்டர்.

"சரியா வந்திருக்கு டாக்டர், சிவப்பு மிகச் சரியா வந்திருக்கு!" என்றாள் வசுதா.

"அது இருக்கட்டும்" என்றார் டாக்டர். "நீ என்னத்தைத்தான் சாப்பிடறே?"